குழந்தையின் உச்சரிப்பு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'கப்பல்' என்பதைத் 'தப்பல்' என்று சொல்லும் குழந்தையை இடைமறித்து, "எங்கே, 'க' சொல்லு பார்க்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் பெற்றோர் பெரும்பாலும் செய்யும் தவறு. நாக்கு நுனியைப் பல்லருகே வைத்துத் தகரத்தை ஒலிக்கப் பழகிவிட்ட குழந்தைக்கு, நாக்கின் பின்பகுதியை உயர்த்தி அண்ணத்தைத் தொட வேண்டிய ககரம் இன்னும் கைவரவில்லை, அவ்வளவே. நாமும் வேண்டுமென்றே 'தப்பல்' என்று சொல்லிப் பார்த்தால், தான் 'கப்பல்' என்று சொல்வதாகவே எண்ணி, "இல்ல, தப்பல்!" என்று அது நம்மையே திருத்துவதுண்டு, வேறுபாடு காதுக்குத் தெரிகிறது, நாக்குக்குத்தான் எட்டவில்லை. இந்நிலையில் வற்புறுத்தினால் அந்தச் சொல்லையே தவிர்க்கவோ, பேசத் தயங்கவோ தொடங்கும். "ஆமாம், பெரிய கப்பல்! கப்பல் எங்கே போகுது?" என்று பேச்சின் போக்கிலேயே சரியான ஒலியைச் சற்று நிதானமாக இரண்டு மூன்று முறை காதில் விழச் செய்துவிட்டு, திருப்பிச் சொல்லும்படி கேட்காமல் உரையாடலைத் தொடர்வதே நல்லது.

மழலையை ரசிக்கலாம், ஆனால் வீட்டார் அனைவரும் அதே மழலையில் பதில் பேசினால், சரியான ஒலியைக் கேட்கும் வாய்ப்பு குறைந்துவிடும். பிறர் முன்னிலையில் பேசிக்காட்டச் சொல்லிச் சிரிப்பது அதைவிடக் கேடு.

எல்லா ஒலிகளும் ஒரே வயதில் வந்துவிடுவதில்லை. பகரமும் மகரமும் முன்னதாகவே வந்துவிட, ரகர, றகர, ழகரங்கள் பிந்தியே வருகின்றன. பெரியவர்களில் பலருக்கே ழகரம் ளகரமாகிவிடும்போது, மூன்று வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

அதற்காக, "பள்ளிக்குப் போனால் சரியாகிவிடும்" என்று காலவரையின்றிக் காத்திருப்பதும் தவறே. பொதுவாக 3 வயதில் குழந்தை பேசுவதில் பெரும்பகுதியும், 4 வயதில் ஏறக்குறைய முழுவதும் வெளியாருக்கும் புரிய வேண்டும். வீட்டாருக்குப் பழகிப்போன பேச்சு என்பதால் அவர்களுக்குப் புரிவதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. புரியவில்லை என்றால் முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டு, வெளியில் தெரியாமலே கேட்கும் திறன் மங்கியிருக்கக்கூடும். பேச்சு சிகிச்சை நிபுணரைப் பார்ப்பது அடுத்த படி. அதை விடுத்து, ஊதலும் பலூனும் ஊத வைத்தால் உச்சரிப்பு திருந்திவிடும் என்று நம்புவதும், நாக்கின் அடியிலுள்ள சவ்வுதான் காரணம் என்று தாமாகவே முடிவு செய்து அதை வெட்டிவிடச் சொல்வதும் வேண்டாம். அந்தச் சவ்வு குட்டையாக இருந்தும் தெளிவாகப் பேசும் குழந்தைகள் பலர் உண்டு.