யூக்கானில் மண் மாதிரி எடுக்கும் பருவ வேலை

கனடாவின் யூக்கானில் கனிமத் தேடல் பெரும்பாலும் மே இறுதியில் தொடங்கிச் செப்டம்பரில் அடங்கிவிடும் என்றாலும், ஆள் எடுப்பு பனிக்காலத்திலேயே நடப்பதால், ஜனவரியில் வான்கூவரிலும் மார்ச்சில் டொராண்டோவிலும் கூடும் தொழில் மாநாடுகளை ஒட்டி விண்ணப்பித்துவிட வேண்டும். புவியியல் பட்டம் இல்லாதவரும் மண் மாதிரி எடுப்பவராகச் சேரலாம். வேலை அனுமதியும், முதலுதவிச் சான்றிதழும், மூட்டையைச் சுமந்து நாள் முழுதும் சரிவுகளில் ஏறி இறங்கும் உடலும் இருக்க வேண்டும்.

டாசன் நகரை ஒட்டிய மலைகளில் பெரும்பகுதியைப் பனியுகத்துப் பனிப்பாறைகள் மூடவில்லை. ஆகவே அங்குள்ள மண் வேறெங்கிருந்தோ அடித்துவரப்பட்டதன்று. அடியிலுள்ள பாறையே சிதைந்து உண்டானது. அதில் தங்கமோ, தங்கத்தோடு சேர்ந்து வரும் ஆர்சனிக்கோ மிகுந்திருந்தால் கீழேயுள்ள பாறையைத் துளையிட்டுப் பார்க்கக் காரணம் கிடைக்கிறது. ஷான் ரயன் என்பவர் இப்படி மண்ணைச் சோதித்துக் காட்டிய ஒயிட் கோல்டு என்னும் நிலத்தில் தங்கப் படிவு உறுதியானபின், அதை வைத்திருந்த நிறுவனத்தை 2010-இல் கின்ராஸ் என்னும் தங்கச் சுரங்க நிறுவனம் வாங்கியது.

எனவே பாசியையும் கரிய மட்கையும், பழைய எரிமலை வெடிப்பொன்று விட்டுச்சென்ற வெண்சாம்பலையும் கடந்து, கல் துணுக்கு கலந்த மண் வரும்வரை துளைக்கோலை இறக்குங்கள். வடக்கு நோக்கிய சரிவுகளில் உறைமண் வழிமறித்தால் சில மீட்டர் தள்ளி மறுபடி முயன்று, அப்படி நகர்ந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். களைப்பில் மட்கை அள்ளிப் போட்ட பையைவிட வெறும் பையே மேல். மோதிரத்தை முகாமிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும், ஏனெனில் ஆய்வகம் தேடுவது நூறு கோடியில் சில பங்கு தங்கத்தை. பையின் எண், குறிப்பேட்டின் எண், ஜி.பி.எஸ். புள்ளியின் எண் மூன்றும் பொருந்தாவிட்டால் அன்றைய உழைப்பு வீண். நல்ல ஆள் என்று பெயர் வாங்குபவர் வேகமாக நடப்பவரைவிட இதில் பிசகாதவரே.

ஹெலிகாப்டரை விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாக மட்டுமே அணுகுங்கள். சரிவின் மேற்பக்கத்திலிருந்து ஒருபோதும் இறங்கி வராதீர்கள். கரடி விரட்டும் தெளிப்பானைப் பைக்குள் புதைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள், ஏறும்போது விமானி சொல்லும் இடத்தில் வையுங்கள். டீட் என்னும் வேதிப்பொருள் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதால், பூசிய கையைத் துடைத்தபின் ஜி.பி.எஸ். கருவியைத் தொடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், மூடுபனியால் பறக்க முடியாத நாட்களுக்குச் சம்பளம் உண்டா, முகாமுக்குப் போய்வரும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.