பி.டி.எஃப். ஏற்றுமதி முடியாமல் நிற்கிறதா? பைசெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிப்ரே ஆஃபீஸின் பழைய பதிப்பில் 10 விநாடியில் பி.டி.எஃப். ஆன கோப்பு, புதிய பதிப்பில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் முடிவதில்லை. எந்த மாற்றத்தால் இந்தப் பின்னடைவு வந்தது என்று தேட கிட் பைசெக்ட் கைகொடுக்கும். இது கமிட்டுகளை, அதாவது நிரலில் பதிவான மாற்றங்களை, பாதிபாதியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நல்லதா கெட்டதா என்று நீங்கள் சொல்லும் தீர்ப்பை வைத்துத் தேடும் கருவி. இடையில் 4,000 கமிட்டுகள் இருந்தாலும் சுமார் 12 சோதனைகளில் ஒன்றைச் சுட்டிவிடும். ஆனால் அந்த 12-இல் ஒரு தீர்ப்பு தவறினாலும், சம்பந்தமே இல்லாத கமிட்டின் மேல் பழி விழும். அதை எழுதியவரின் நேரமும் வீணாகும்.

முதல் தவறு, எதை ‘ஹேங்’ (முடியாமல் உறைந்து நிற்பது) என்கிறோம் என்று முடிவு செய்யாமலே தொடங்குவது. சிபியு ஒரு கோரை முழுவதும் தின்றுகொண்டிருந்தால் முடிவில்லாச் சுழற்சியாக இருக்கலாம், வெறும் மந்தமாகவும் இருக்கலாம். பூஜ்யத்தில் கிடந்தால் பூட்டுக்காகவோ டயலாகுக்காகவோ காத்திருக்கிறது. நல்ல பதிப்பில் ஆகும் நேரத்தை உங்கள் கணினியிலேயே அளந்து, அதைப்போல 6 முதல் 10 மடங்கைக் காலக்கெடுவாக வையுங்கள். 10 விநாடிக்கு 15 விநாடிக் கெடு வைத்தால், பின்னணியில் வேறு வேலை ஓடும்போது நல்ல கமிட்டும் கெட்டதாகிவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது புரொஃபைலில், அதாவது பயனரின் அமைப்புகள் இருக்கும் கோப்புறையில்தான். அதே புரொஃபைலில் ஏற்கெனவே ஒரு லிப்ரே ஆஃபீஸ் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் புதிதாகக் கொடுக்கும் கட்டளை வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறிவிடும். அப்போது சோதனைக்கு உள்ளானது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பதிப்புதான்! ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ‘யூசர் இன்ஸ்டலேஷன்’ அமைப்பின் வழியே புத்தம்புதிய புரொஃபைல் கோப்புறை கொடுங்கள். ‘எஸ்ஆஃபீஸ்’ என்பது தொடக்கி மட்டுமே. உண்மையில் உழைப்பது ‘எஸ்ஆஃபீஸ்.பின்’. முந்தைய சுற்றின் மிச்சம் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சோதனையை ஸ்கிரிப்ட் எழுதித் தானியங்கியாக ஓட்டும்போது எக்சிட் கோடு (முடியும்போது புரோகிராம் தரும் எண்) விஷயத்தில் கவனம் தேவை. ‘பைசெக்ட் ரன்’ 0-வை நல்லது என்றும், 125-ஐத் தாண்டிச் செல் என்றும், 1 முதல் 127 வரையிலான மற்றவற்றைக் கெட்டது என்றும் எடுத்துக்கொள்ளும். ‘டைம்அவுட்’ கட்டளை கெடு தாண்டினால் 124 தரும். அதில் சிக்கல் இல்லை. ஆனால் புரோகிராம் அடங்காமல் கில் சிக்னல் அனுப்ப நேர்ந்தால் 137 வரும், பைசெக்ட் பாதியில் நின்றுவிடும். எனவே ஸ்கிரிப்டில் 124, 137 இரண்டையும் 1 ஆக மாற்றுங்கள். தொடங்கும்போதே கிராஷ் ஆனால் 125 கொடுங்கள். அது வேறு நோய். பி.டி.எஃப். ஆக்குவது தோற்றாலும் லிப்ரே ஆஃபீஸ் 0 தருவதுண்டு. அதனால் பழைய பி.டி.எஃப்.-ஐ முதலில் அழித்துவிட்டு, புதியது உருவானதா, அளவு பூஜ்யத்துக்கு மேலா என்று பார்த்த பிறகே ‘நல்லது’ என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு கமிட்டையும் மூலநிரலிலிருந்து பில்ட் செய்ய வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபீஸ் திட்டம் முன்பே பில்ட் செய்த பதிப்புகள் அடங்கிய ‘பைபைசெக்ட்’ களஞ்சியங்களைத் தருகிறது. பல ஜிபி இறக்க வேண்டும்தான். ஆனால் ஒரு சோதனை நிமிடங்களில் முடியும். கிடைக்கும் கமிட்டின் செய்தியிலேயே மூலநிரல் கமிட்டின் ஹாஷ் (அடையாளக் குறியீடு) இருக்கும்.

திரையில் ஹேங் ஆகும் கோப்பு ஹெட்லெஸ் முறையில் (ஜன்னல் காட்டாமல் ஓட்டுவது) ஒழுங்காக முடிந்தால், பிழை இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஹெட்லெஸ் முறையில் ஜன்னல் அடுக்கு வேறு. திரையின் ஜன்னல் அடுக்கில் வரும் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து நிற்பது) அங்கே தெரியாது.

மாதிரிக் கோப்பைச் சுருக்குவதும் நுட்பமான வேலை. புதிய பதிப்பில் திறந்து சேமித்தால் கோப்பு முழுவதுமாகத் திரும்ப எழுதப்பட்டு, பிழையைத் தூண்டிய அமைப்பே போய்விடலாம். எப்போதும் நகலில் வேலை செய்யுங்கள். ரகசியத்துக்காக எழுத்துகளை எல்லாம் ஒரே எழுத்தாக மாற்றினால் வரி அகலம் மாறும். பக்க அமைப்பில் வரும் சுழற்சி அதோடு மறையும். கோப்பில் உள்ள எழுத்துரு இல்லாத கணினியிலும் இதே கதைதான்.

கமிட் கிடைத்ததும் புகார் எழுத உட்காராதீர்கள். அதையும் அதற்கு முந்தையதையும் மும்மூன்று முறை ஓட்டுங்கள். பிறகு ஹேங் ஆன நிலையில் ஜிடிபி என்ற பிழைநீக்கியை இணைத்து, 10 விநாடி இடைவெளியில் மூன்று முறை எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸையும் (அந்த நேரத்தில் ஓடும் ஃபங்ஷன்களின் பட்டியல்) எடுங்கள். மூன்றிலும் மாறாமல் நிற்கும் ஃபங்ஷன்கள், அந்தக் கமிட் தொட்ட கோப்புகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் தீர்ப்புகளின் பதிவான ‘பைசெக்ட் லாக்’ எடுத்து, சந்தேகமான தீர்ப்பிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.