தாமரை இலையை அச்சாக வைத்து நீர் ஒட்டாத பரப்பை வார்த்தெடுக்கும் முறை

தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அந்தத் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு விளக்கி 1997-இல் வெளியிட்டவர்கள், ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் பார்ட்லாட்டும் கிறிஸ்டோப் நைன்ஹுயிஸும் ஆவர். இலையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள மொட்டுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறத்தாழ 100 நானோமீட்டர் பருமனுள்ள மெழுகுக் குழல்கள் போர்த்தியிருக்கின்றன. நீர்த்துளி இந்த முனைகளின் மேல் மட்டுமே அமர்கிறது. இடைவெளிகளில் காற்று தங்கிவிடுகிறது. இத்தகைய வடிவத்தைப் புதிதாகச் செதுக்குவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். இலையையே அச்சாக்கிக்கொண்டால், ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே சில நாட்களில் அதைப் படியெடுத்துவிடலாம்.

முதல் கவனம் இலையின் மீது இருக்க வேண்டும். அன்று பறித்த, கிழிசலோ பூச்சிக்கடியோ இல்லாத இலையைத் தேர்ந்து, நரம்புகளுக்கு இடைப்பட்ட தட்டையான பகுதியை வெட்டி, ஓடும் நீரில் தூசியைக் கழுவி, காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைக்கவே கூடாது. நான் முதன்முறை செய்தபோது, இலை சுருளாமல் இருக்கட்டும் என்று கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினேன்; அந்த இடத்தில் மட்டும் துளி உருளாமல் பரவி நின்றது. விரல் பட்டு நசுங்கிய மெழுகு, வெட்டியெடுத்த இலையில் மீண்டும் வளராது. ஆகவே ஓரத்தை இடுக்கியால் பிடித்து, மேற்புறம் மேலே இருக்குமாறு, பெட்ரித் தட்டில் இருபக்க நாடாவால் ஒட்டுங்கள்.

அச்சு எடுப்பதற்கு, பி.டி.எம்.எஸ். என்று ஆய்வகங்களில் வழங்கும் சிலிகோன் ரப்பர் ஏற்றது. சில்கார்ட் 184 போன்ற வகையில் மூலக்கூழையும் கெட்டிப்படுத்தியையும் எடையில் 10:1 என்ற விகிதத்தில் நன்றாகக் கலந்து, வெற்றிடக் கலத்தில் வைத்துக் குமிழ்களை நீக்கி, தட்டின் ஒரு மூலையிலிருந்து மெல்ல ஊற்றி, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். ரப்பர் பால் கையுறை அணியாதீர்கள். அதிலுள்ள கந்தகம், கலவையை உறையவைக்கும் பிளாட்டின வினையூக்கியை முடக்கிவிடும், கலவை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அவசரப்பட்டு அடுப்பில் வைக்கவும் வேண்டாம்: சூட்டில் இலையின் ஈரம் ஆவியாகிக் குமிழ் கட்டும், இலையும் சுருங்கும். அறை வெப்பநிலையில் 48 மணி நேரம் பொறுத்திருந்தால், ரப்பர் தானே உறைந்துவிடும்.

பிறகு இலையை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தெடுங்கள். இப்போது கையில் இருப்பது எதிர் அச்சு. இலையின் மொட்டு இதில் குழியாக இருக்கும். அக்குழிகளில் இலையின் மெழுகும் துணுக்குகளும் சிக்கியிருக்கலாம் என்பதால், மெதுவாக இறுகும் எப்பாக்ஸி பிசினை ஊற்றி எடுக்கும் முதல் வார்ப்பைக் கழித்துவிடுவதே நல்லது. அது குப்பையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். இரண்டாவது வார்ப்பே நமக்கு வேண்டிய நேர் உரு. ஒவ்வொரு முறையும் பிசினை ஊற்றியதும் சிறிது நேரம் வெற்றிடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் குழிகளில் காற்று அடைபட்டு, மொட்டுகள் தலையில்லாமல் வரும்.

பலர் இங்கேதான் ஏமாற்றம் அடைகிறார்கள். வடிவம் அப்படியே வந்திருந்தும், எப்பாக்ஸியின் மேல் துளி ஒட்டிக்கொள்கிறது. காரணம், அச்சு கடத்துவது வடிவத்தை மட்டுமே. மெழுகின் நீர்விலக்கும் இயல்பு இலையோடே போய்விடுகிறது. நீரை ஓரளவு ஏற்கும் பொருளில் இந்தச் சொரசொரப்பைப் பதித்தால், அது நீரை மேலும் இழுக்கவே செய்யும். ஆதலால் வார்ப்பின் மேல் நீர்விலக்கும் சிலேனை (பரப்போடு பிணைந்து மிக மெல்லிய படலமாகும் சிலிக்கான் சேர்மத்தை) ஆவியாகப் படியவைக்க வேண்டும். மெழுகை உருக்கித் தடவினால் நுண்ணிய குழிகள் தூர்ந்துபோகும். இன்னொரு வழி, நேர் உருவையும் பி.டி.எம்.எஸ்.ஸிலேயே வார்ப்பது. சமதளமான பி.டி.எம்.எஸ்.ஸே நீருடன் ஏறத்தாழ 110 பாகைத் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்; இது கூடக்கூட நீர் குறைவாக ஒட்டும்) காட்டும் என்பதால், இதையே நான் விரும்புகிறேன். ஆனால் அப்போது இரு ரப்பர்களும் ஒன்றோடொன்று பிணைந்துவிடாமலிருக்க, எதிர் அச்சின் மேல் முன்கூட்டியே சிலேன் படிய வேண்டும். சிலேன்களில் குளோரின் கொண்ட வகையான குளோரோசிலேன்கள் ஈரக்காற்றில் ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடுபவை. புகைபோக்கி அறைக்கு வெளியே அவற்றைத் திறக்கவே கூடாது.

சோதனைக்கு, 5 மைக்ரோலிட்டர் துளியை வைத்துப் பக்கவாட்டில் படமெடுத்துத் தொடுகோணத்தை அளந்து, பிறகு தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கோணம் 150 பாகையைத் தாண்டி, 10 பாகைக்கும் குறைந்த சாய்விலேயே துளி உருண்டால் வார்ப்பு வெற்றி. கோணம் உயர்ந்தும் துளி நகரவில்லையென்றால், நீர் மொட்டுகளுக்கு இடையே இறங்கிவிட்டது என்று பொருள்; பெரும்பாலும் மொட்டுகள் வந்து, மெழுகுக் குழல்களின் நுண்வடிவம் வராமல் போனதே இதற்குக் காரணம். வார்ப்பை நீருக்குள் அமிழ்த்திச் சாய்வாகப் பார்த்தாலும் இது புலப்படும்: காற்றுப் படலம் தங்கியுள்ள இடமெல்லாம் வெள்ளிபோல மின்னும், நீர் புகுந்த இடம் மங்கலாகத் தெரியும்.