துள்ளுகிற பிள்ளைக்குக் கதை வாசிப்பது எப்படி?

"சும்மா இரு" என்று அதட்டிவிட்டுக் கதையைத் தொடங்கினால் தோல்விதான். மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டில் நாலு வயது மகன் பாயில் இரண்டு நிமிடம் தங்கமாட்டான். சரி, ஓடட்டும், காது இங்கேதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கையில் கொஞ்சம் ரொட்டி மாவு கொடுங்கள், கதையில் வரும் முதலையை உருட்டிச் செய்வான் (வால் மட்டும் எப்போதும் அறுந்துவிழும்). குரங்கு வந்தால் பாய்வது, மழை வந்தால் தகர டின்னில் தட்டுவது எல்லாம் அவன் வேலை. வாவிக் கதை என்றால் தும்புத்தடிதான் (நீளக் கைபிடி வைத்த துடைப்பம்) துடுப்பு. பூரணை இரவில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்குமாம் என்று நான் வாசித்ததும், தும்புத்தடியில் காதை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். நீளமான வரிகளைத் தாண்டிவிடுங்கள். பத்து நிமிடம் போதும், "பிறகு என்ன?" என்று கேட்கும்போதே புத்தகத்தை மூடிவிடுங்கள்.