குடல் கட்டி ரிப்போர்ட்டில் ‘லாஸ்’ என்று போட்டிருந்தால்

கும்பகோணத்தில் ஒரு லேபில் 22 வருஷமாகத் திசுவை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றுவது என் வேலை. முடிவு எழுதிக் கையெழுத்துப் போடுவது டாக்டர். ஆனால் கவரைப் பிரித்ததும் ஜனங்கள் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தை அறுவடை சமயம் பாபநாசம் பக்கமிருந்து ஒருவர் தம்பியின் ரிப்போர்ட்டோடு வந்தார். தம்பிக்கு 38 வயசு.

“நாலுல ரெண்டு போயிடுச்சுன்னு போட்டிருக்கே அக்கா, அப்ப தம்பி...” மேலே பேச்சு வரவில்லை அவருக்கு.

முதலில் அந்த நாலு பெயரைத் தேடுங்கள்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழையைத் திருத்துகிற புரதங்கள் இவை. இருந்தால் செல்லின் உட்கரு டிகாக்‌ஷன் நிறத்தில் தெரியும். ரிப்போர்ட்டில் ‘ரிடெய்ன்ட்’ அல்லது ‘இன்டாக்ட்’ என்று வரும். இல்லாவிட்டால் வெறும் நீலம். அதுதான் ‘லாஸ்’.

அடுத்து, ‘இன்டர்னல் கன்ட்ரோல்’ பற்றி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். கட்டிக்குப் பக்கத்திலுள்ள நல்ல செல்கள் பழுப்பாக இருந்தால்தான் கட்டியில் காணோம் என்று சொல்ல முடியும். ஒரு முறை திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினுக்குப் பதில் சலைன் என்ற உப்பு நீரில் போட்டு, ராத்திரி முழுக்க வைத்திருந்து ஒரு திசுவை அனுப்பினார்கள். நாலு ஸ்லைடும் நீலம். நல்ல செல்களும் நீலம்! அதை ‘லாஸ்’ என்று எழுதியிருந்தால் ஒரு குடும்பமே வீணாகக் கலங்கியிருக்கும். வேறு திசு கேட்டு வாங்கிச் செய்தோம், நாலும் இருந்தன.

இந்தப் புரதங்கள் ஜோடி ஜோடியாக நிற்பவை. எம்எல்எச்1 போனால் பிஎம்எஸ்2 தனியாக நிலைக்காது. எம்எஸ்எச்2 போனால் எம்எஸ்எச்6 கூடவே போகும். முதல் ஜோடி போயிருந்தால் கட்டியில் பிஆர்ஏஎஃப் என்ற மரபணுவுக்கான பரிசோதனை கேளுங்கள். அதில் வி600ஈ மாற்றம் வந்தால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. தம்பிக்குப் போயிருந்தது இரண்டாவது ஜோடி. “அப்பாவும் குடல்லதான்...” என்று அவரே சொன்னார். அப்போது குடல் புற்றுநோய் பரம்பரையாக வரவைக்கும் லிஞ்ச் சிண்ட்ரோமா என்று ரத்தத்தில் மரபணு பார்த்தே ஆகவேண்டும். உறுதியானால் கூடப்பிறந்தவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே மரபணு மாற்றம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த மாற்றம் இருப்பவர்கள் 20–25 வயசிலிருந்தே ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கொலனோஸ்கோப்பி (கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்துகொண்டால் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

‘லாஸ்’ என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தமே இல்லை. ஆரம்ப நிலையில் இப்படிப்பட்ட கட்டிகள் மற்றதைவிட நன்றாகவே தேறுகின்றன. பரவிய நிலையில் பெம்ப்ரோலிசுமாப் மாதிரியான, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளுக்குப் படிகின்றன.

பி53 என்ற இன்னொரு காவல் புரதத்தின் வரியில் மட்டும் ‘நெகட்டிவ்’ என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சீராக உள்ள பி53 அங்கங்கே லேசாகத் தெரியும். முழுக்க அடர் பழுப்பு, முழுக்க வெறுமை, இரண்டுமே பழுதுதான். ஏபிசி என்ற மரபணு ரிப்போர்ட்டில் ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். பெரும்பாலான குடல் கட்டிகளில் முதலில் கெடுவது அதுதான், ஆனால் அதற்குச் சாயம் வைத்துப் பார்க்கும் வழக்கமில்லை.

மேல்சிகிச்சைக்குத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிளாக் நம்பர் ரிப்போர்ட் நம்பரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் மெழுகு இளகிவிடும். பஸ்ஸானாலும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.