குளமும் பாயும் பானையும் ஒரே நாளில்: ஆட்களை அழைத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியூர்க்காரர்களுக்கு நெல்லைச் சீமையை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வேலையைப் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். விடிந்ததும் பறவைகள் கூடும் கூந்தன்குளம், வெயில் ஏறும்போது பாய் நெய்யும் பத்தமடை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பானை வனையும் காருகுறிச்சி, பொழுது சாய்கையில் ஆற்றங்கரைக் கோயில் உள்ள திருப்புடைமருதூர். வழி பெரும்பாலும் இதுதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி சென்ற மாதம் தன் முதல் பயண அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டினான். ‘அக்டோபர் முதல் ஞாயிறு, ஆயிரக்கணக்கான பறவைகள்’ என்று அச்சடித்திருந்தான். இருபது பேரிடம் முன்பணமும் வாங்கிவிட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் பட்ட இடத்திலேயே அவனும் கால் வைக்கப் போகிறான்.

தொப்பி, தண்ணீர் பாட்டில், மாத்திரை பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை யாரும் சொல்லாமலே தெரிந்தவை.

தண்ணீரை விசாரிக்காமல் தேதி குறிப்பது

எனக்கு இது இரண்டாவது ஆண்டில் நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 22 பேர் மதுரையிலிருந்து வந்தார்கள். ஜனவரியில் எடுத்த படங்களைக் காட்டி, செப்டம்பர் கடைசியில் தேதி கொடுத்திருந்தேன். கூந்தன்குளத்தின் கரையில் ஏறிப் பார்த்தால் குளத்துக்குள் வெள்ளாடு மேய்கிறது. வெடித்த மண், மாட்டுத் தடம், ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்து, “தண்ணீர் இல்லாத குளத்துக்கு அதுகள் எதற்கு வரும் தம்பி? நீங்கள் எதற்கு வந்தீர்கள்?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

வேனுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பணம் திரும்பவில்லை. வந்தவர்களுக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாத வாடகைக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

எங்கே தவறினேன் என்று புரிய வெகுநாள் ஆயிற்று. ஏரி என்றால் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தோனேசியாவின் கெலிமுத்துபோல எரிமலை வாயில் தண்ணீர் தேங்கி உண்டான ஏரிகள் இருக்கின்றன. அவற்றுக்கு மடை கிடையாது, திறப்பாரும் அடைப்பாரும் கிடையாது. நம் குளம் கரை போட்டுக் கட்டியது. கால்வாயில் தண்ணீர் வர வேண்டும். நிறைந்தால் மறுகாலில் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். மடை திறந்தால் வயலுக்கு இறங்கும். கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர்தான் ஆதாரம். அந்தப் பிரதானக் கால்வாயை நான்கு ரீச்சுகளாக, அதாவது நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த ரீச்சுகளுக்கு முன்னுரிமை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே நாளிதழில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறிக்காதீர்கள். 118 அடி கொள்ளும் அணை நிரம்பியே கிடக்கலாம், கால்வாய் அடைத்தும் கிடக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கி டிசம்பர் வரை பெய்கிறது. பிசானப் பருவ நெல்லுக்கு அதுதான் காலம், பறவைக்கும் அதுதான் கணக்கு. டிசம்பர் கடைசியில் வரத் தொடங்கும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஜூன், ஜூலை வரை இருக்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைக் காண ஜனவரி, பிப்ரவரி நல்லது.

குளம் நிறைந்திருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். எல்லாக் குளமும் வயலும் ததும்பும்போது பறவைகள் சிதறிப்போகும். பூநாரைக்குக் கால் ஊன்றி மேய ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். மழை ஓய்ந்து மட்டம் இறங்கி, மீன் ஓரிடத்தில் ஒடுங்கத் தொடங்கும் வாரங்களே நமக்கு உகந்தவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழைக்குப் பின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கரைகளில் நடக்க நினைத்தவர்களை நான் கெஞ்சித் தடுத்தேன். பல குளங்கள் உடைந்து, ஜனங்கள் வீடிழந்து நின்ற நேரம் அது.

ஆசிரியர்கள் வந்த அந்தப் பயணத்தில் போன பணம் பிறகு வந்துவிட்டது. அன்றைய பதற்றத்தில் நான் செய்த ஒரு காரியம்தான் இன்றும் உறுத்துகிறது. திரும்பும் வழியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்த வேறொரு குளத்தில் பத்துப் பதினைந்து நாரைகள் நின்றன. பறப்பதையாவது காட்டிவிடலாம் என்று ஓங்கிக் கை தட்டினேன். எழும்பிப் போயின. யாரும் படம் எடுக்கவில்லை. ஓர் ஆசிரியை, “பாவம், இரை தின்றுகொண்டிருந்தது” என்று மட்டும் சொன்னார்.

இத்தொழிலுக்கு இப்போது வருகிற இளைஞர்கள் இதையே கூந்தன்குளத்தில் மார்ச்சில், கூட்டில் குஞ்சு இருக்கும்போது செய்கிறார்கள். தாய்ப்பறவை எழும்பிவிட்டால் குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கை வந்து கொத்தும். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி, பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொள்ளும் மக்கள் அந்த ஊர்க்காரர்கள். கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தவர்கள் அங்கே உண்டு. அவர்கள் தெருவில் நின்று கை தட்டுகிறவனை நான் மன்னிக்க மாட்டேன். 1994இல் சரணாலயமாகவும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அரசு அறிவிக்கும் முன்பே காவல் காத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ஆகவே, பத்து நாள் முன்பு ஒரு தடவையும் இரண்டு நாள் முன்பு ஒரு தடவையும் ஊரில் யாரையாவது கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். மறுகால் பாய்ந்ததா? மடை திறந்திருக்கிறதா? தண்ணீர் எதுவரை நிற்கிறது? பதில் சரியில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இல்லையேல் வறண்ட குளம் என்று சொல்லியே அழைத்துப் போங்கள். வறண்ட குளத்திலும் பார்க்க நிறைய உண்டு. மடையின் கல் வேலைப்பாடு தெரிவது அப்போதுதான்.

பாய் நெய்யும் வீட்டில் பேரம்

பத்தமடையில் நாம் நுழைவது கடைக்குள் அல்ல, ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள். பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். ஆற்றோரக் கோரையை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, நார்நாராகக் கிழித்து நெய்கிறார்கள். மெல்லிய பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்குச் சொல்லிவைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த விரல்களுக்கு எதிரே உட்கார்ந்து, ‘சந்தையில் இதைவிடக் குறைவு’ என்று பேசும் விருந்தாளியை நீங்கள்தான் தடுக்க வேண்டும். சந்தையில் கிடைப்பது வேறு பாய் என்பதை வேனிலேயே விளக்கிவிடுங்கள். விற்ற பாய்க்குக் கமிஷன் கேட்காதீர்கள். அதைவிடக் கேவலம் இத்தொழிலில் இல்லை.

வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். நோன்பு மாதத்தில் அவர்கள் முன்னால் குடிக்காதீர்கள், தின்னாதீர்கள். அனுமதி கேட்காமல் எந்தப் பெண்ணையும் படம் எடுக்கவிடாதீர்கள்.

மழை நாளில் காருகுறிச்சி

போகாதீர்கள். ஈரத்தில் பானை காயாது, சூளை எரியாது.

பொங்கலுக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம். வயிற்றுப்பாட்டுக்கு இரவு பகலாகப் பானை வனைகிறவரிடம் போய், ‘நானும் ஒருமுறை சக்கரத்தில் கை வைக்கட்டுமா’ என்று கேட்பது நியாயமில்லை. குளம் வறண்டு மண் எடுக்கும் கோடையில் போனால் அவரே உட்கார்ந்து பேசுவார். பறவைக்கு நல்ல மாதம் பானைக்கு ஆகாது. இரண்டையும் ஒரே நாளில் முழுதாகக் காட்டுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேனில் பாட்டு

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் நிறுத்திவிடுங்கள். தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊருக்குப் போகிறீர்கள்.

ட்ரோன்

கொண்டுவருகிறவரை ஏற்றாதீர்கள்.

திருப்புடைமருதூரை அவசரமாக முடிப்பது

நண்பகலில் போய்ப் பூட்டிய கதவைக் காட்டுவது முதல் தவறு. நடை மாலையில்தான் திறக்கும். கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களையும் மரச் சிற்பங்களையும் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள்.

கும்பிட்டவுடன் வேனைக் கிளப்புவது இரண்டாவது தவறு. தாமிரபரணியும் கடனாநதியும் கூடும் இடம் அது. கோயிலைச் சுற்றியுள்ள மரங்களையும் பறவைகளையும் காக்க 2005இல் அதைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கூடு கட்டும் பருவத்தில் நாரைகளும் கொக்குகளும் இருட்டும் வரை வந்து அடைந்துகொண்டே இருக்கும். ஆட்களைப் படித்துறையில் உட்காரவையுங்கள். நீங்களும் பேசாமல் உட்காருங்கள். ஆறரை மணிக்கு முன் வண்டியை எடுக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.