ராத்திரி ஜெபத்தை பத்து நிமிஷமாக்கினேன்

கிருஷ்ணகிரில எங்க வீட்ல ராத்திரி குடும்ப ஜெபம் முக்கால் மணி நேரம் போகும், ஒரு நாள் பைபிள் பாட்டுகள்ல சங்கீதம் 119 எடுத்துட்டேன், மொத்தம் 176 வசனம், பாதிலயே நாலு வயசு சின்னவ பாய்ல சாய்ஞ்சு தூங்கிட்டா, பெரியவன் "ஜெபம்னாலே பயமா இருக்குப்பா"ன்னான். மனசு உடைஞ்சு போச்சு.

அடுத்த நாள்ல இருந்து பத்தே நிமிஷம். சங்கீதம் 117, ரெண்டே வசனம்தான், அதுல ஆரம்பிச்சேன். அப்புறம் பைபிள்ல லூக்கா 15, நூறு ஆட்டுல காணாம போன ஒரு ஆட்ட மேய்ப்பன் தேடிப் போற கதை. நூறு புளியங்கொட்டைல ஒண்ண மட்டும் ஒளிச்சு வெச்சேன், கட்டிலுக்கு அடியில எல்லாம் தவழ்ந்து தேடி எடுத்துட்டு ரெண்டும் கத்துச்சுங்க பாருங்க! மனப்பாட வசனம் வாரத்துக்கு ஒண்ணு போதும், தப்பா சொன்னா திட்டறதில்ல.

நேத்து சின்னவ பக்கத்து வீட்டு கன்னுக்குட்டிக்கு கால் சரியாகணும்னு அவளாவே ஜெபம் பண்ணா, ஆமென் சொல்லிட்டு "இன்னொரு கதை சொல்லுப்பா"ன்னு மடியில வந்து உக்காந்துட்டா.